நீளம் பிரிக்காத பாவாடை

சம்பந்தி அவர்களுக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் நான் வேறு பேச்சை ஆரம்பிக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் வீட்டுப் பையன் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்திலும் தேறிவிட்டான். கயிறு ஏறுவது மட்டும் பாக்கி. வீட்டுப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் கயிறு கட்டி காலையும் மாலையும் ஏறி இறங்குகிறானாம். உங்கள் கிளியனூரே நின்று வேடிக்கை பார்க்கிறதாம். என் சின்ன மகனுடைய பையன் ஐ.டி.ஐ. முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். சேர்ந்த மாதமே எனக்கு ஒரு மேஜை விசிறி வாங்கி வந்தான். அப்புறம் நம் தர்ஷினி. உங்கள் மகளுக்கும் என் பெரிய மகனுக்கும் பிறந்தவள், உங்களுக்கும் எனக்கும் பொதுவான ஒரே பேத்தி. பன்னிரண்டாவதில் கணக்குப் பாடத்தில் பள்ளியிலேயே முதல். இப்போது சென்னையில் பி.எஸ்சி. கணிதம். ஹாஸ்டலில் மூன்றாவது மாடியில் அறை கொடுத்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஒரே மூச்சாக ஏறிப் போனாள். இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்தது நான்தான்.

இதையெல்லாம் அன்றன்றைக்கே போன் போட்டுச் சொல்லியிருப்பேன். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

இப்போது எழுதுவதற்குக் காரணம், வெள்ளிக்கிழமை உங்கள் தையல் மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்ததுதான். உங்கள் மகன் வீட்டை இடித்துக் கட்டுகிறான். மிஷினை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறான். உங்கள் மகள் கலை, "எனக்குத்தான் வேணும்" என்று சொல்லி மினி லாரியில் ஏற்றி வரவைத்துவிட்டாள். வந்ததும் துணியால் துடைத்து, துளை துளையாகப் பார்த்து எண்ணெய் விட்டாள். வீடு முழுக்க மிஷின் எண்ணெய் வாசனை. உங்கள் புடவையில் எப்போதும் இருந்த வாசனை அது. நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்ததும் முதலில் அதுதான் எனக்கு வரும், பிறகுதான் நீங்கள் வாயைத் திறப்பீர்கள்.

கலை பெடலை மிதித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா துணியைத் தொட்டே எத்தனை மீட்டர்னு சொல்லும் அத்தை. அவ்ளோ வெவரம். பாப்பா விஷயத்துல மட்டும் எப்படித்தான் அப்படி ஏமாந்துச்சோ தெரியல."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஏமாறவில்லை. தப்பு செய்தது முழுக்க நான். அது உங்கள் மகளுக்குப் பதினோரு வருடமாகத் தெரியாது. நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள். சொல்ல வேண்டியவள் நான் இங்கே அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கே வாயைத் திறந்து பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு எழுதினால் பொய் எழுத முடியாது. ஐந்தாவதோடு நின்ற கை. வரி கோணலாகப் போனாலும் பொறுத்துக்கொள்வீர்கள்.

தர்ஷினி ஒன்றாவது சேரும் வரை உங்களிடம்தான் வளர்ந்தாள். கலைக்குக் கம்பெனி வேன் காலை ஆறு மணிக்கே வந்துவிடும், என் மகன் லாரியில் போனால் வர நாலு நாள் ஆகும், எனக்கு உப்பளம். குழந்தைக்கு இரண்டு வயதிலிருந்தே இழுப்பு. பனிக்காலத்தில் நெஞ்சு பூனை மாதிரி கத்தும். ஒல்லியாக இருந்தாள். அதை வைத்து நான் உங்களை எத்தனை தடவை குத்தியிருப்பேன்!

"என்ன சம்பந்தி, பேத்தியைக் கருவாடா காயப் போட்டிருக்கீங்க?"

"கருவாடு உங்க ஊர்லதானே காயும்? அனுப்பி வெக்கறேன், நீங்களே ஊற வெச்சு எடுத்துக்குங்க" என்பீர்கள்.

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் ஒன்றாவது சேர்க்கிற நேரம் வந்ததும் நான் பிடிவாதமாக மரக்காணத்துக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டில் அவளைக் கொழுக்க வைத்து உங்களிடம் காட்ட வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் அடி.

வந்த வருடமே கார்த்திகையில் இழுப்பு பலமாக வந்தது. உதடு நீலமாகிவிட்டது. டாக்டரிடம் கொண்டுபோனோம். புகை மாதிரி மருந்து வைத்தார்கள். அப்புறம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: தினமும் இழுக்க ஒரு பம்பு, ஒரு சிரப், சின்னதாக வெள்ளை மாத்திரை ஐந்து நாளைக்கு. பம்பை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பெண் குழந்தை வாயில் பம்பு வைத்து இழுப்பதைத் தெரு பார்த்தால் பேர் ஒட்டிக்கொள்ளும், நாளைக்குப் பெண் கேட்டு யார் வருவார்கள் என்று நினைத்தேன். ஆறு வயதுக் குழந்தைக்கு நான் கல்யாணக் கவலை பட்டேன். ஆனால் அந்த மாத்திரை இருக்கிறதே, அது மந்திரம் மாதிரி வேலை செய்தது. இரண்டாவது நாள் தெருவில் ஓடினாள். சின்ன மாத்திரை, யார் கண்ணிலும் படாது, வாழைப்பழத்துக்குள் வைத்தால் விழுங்கிவிடுவாள்.

ஐந்து நாள் முடிந்தது. இரண்டு வாரத்தில் திரும்ப இழுத்தது. நான் அதே சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கொடுத்தார்கள். அடுத்த தடவையும் கொடுத்தார்கள். சீட்டு கிழியாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தேன். மாசியில் உப்பு வார ஆரம்பித்ததும் எனக்கு லீவு போட முடியவில்லை. இழுப்பு வந்த பிறகு கொடுப்பதைவிட, வராமல் இருக்கவே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தேன். அப்புறம் தினமும். கலை கேட்டபோது, "டாக்டர் எழுதினதுதான்" என்றேன். சீட்டைக்கூடக் காட்டினேன். வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்தவள், கண் சொருகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

சீட்டில் ஐந்து என்று போட்டிருந்தது. எண் எனக்குத் தெரியும். உப்பளத்தில் எத்தனை கூடை சுமந்தேன் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிப்பில்லாதவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்னை யாரும் காப்பாற்ற வேண்டாம்.

இரண்டு மூன்று மாதத்தில் குழந்தைக்குச் சதை போட்டது. முகம் வட்டமாக, கன்னம் இரண்டும் பளபளவென்று. உப்பளத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். பாத்தியில் நின்ற பெண்கள் எல்லாம் வாரும் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

"யக்கா, இதுவா அந்தக் கிளியனூர்ல இருந்த குச்சி? பூரி கணக்கா உப்பிடுச்சே!"

"எங்க வீட்டு மீன் கொழம்புடி" என்றேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்திலும் அவளுக்குப் பூரி என்றே பேர் ஆனது. அழுதுகொண்டு வந்து சொன்னாள். நான் சிரித்தேன். ஒரு நாளில் நாலு தடவை சோறு கேட்டாள். நல்ல பசி என்றேன். தட்டைத் தூக்கி எறிந்து கத்தினாள். வீட்டுக்கு ஒரே செல்லம், திமிர் என்றேன். கட்டில் மூலையில் லேசாக இடித்தாலும் தொடையில் நீலம் பாய்ந்தது. மேல் உதட்டில் பூனைமுடி வந்தது. மஞ்சள் தேய்த்தால் போய்விடும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, சம்பந்தி.

அதற்கடுத்த பொங்கலுக்கு நீங்கள் சீர் கொண்டுவந்தீர்கள். அரிசி, வெல்லம், கரும்பு, எப்போதும் போல தர்ஷினிக்கு நீங்களே தைத்த பாவாடை. குழந்தைப் பாவாடையை நீங்கள் நீளம் கூடுதலாக வெட்டி, அந்தக் கூடுதலை உள்பக்கமாக மூன்று மடிப்பு வைத்துத் தைப்பீர்கள். குழந்தை உயர உயர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை இரண்டு மூன்று வருடம் வரும். புதுப் பாவாடையை அவளுக்குக் கட்டிப் பார்த்தீர்கள். இடுப்பில் கொக்கி எட்டவில்லை. கீழே நாலு விரல் தரையில் புரண்டது.

நான் பெருமையாக, "பார்த்தீங்களா, இடுப்பு பத்தல" என்றேன்.

"போன வருஷப் பாவாடை எங்க, எடுத்தாங்க" என்றீர்கள். எடுத்து வந்தேன். சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தீர்கள். இடுப்பை நான் இரண்டு தடவை பிரித்துவிட்டிருந்தேன். கீழே மூன்று மடிப்பும் நீங்கள் தைத்தது தைத்தபடி இருந்தது. அதை அவளுக்குக் கட்டிப் பார்த்தீர்கள். நீளம் அளவெடுத்த மாதிரி சரியாக இருந்தது.

"சம்பந்தி, ஒரு வருஷத்துல இவ ஒரு விரக்கடைகூட ஒசரல."

"சதை போடற வயசுல சதை போடும், ஒசரற வயசுல ஒசரும். உங்ககிட்ட இருந்தப்ப எலும்பும் தோலுமா இருந்தா. எங்க வீட்டுல நாலு சதை போட்டா அதுக்கொரு குத்தமா?"

"நான் துணி வெட்டறவ. எனக்கு ஒடம்பு தெரியும். சோத்துல வந்த சதைன்னா கை காலுக்கும் சேர்ந்துதானே வரணும்? கன்னம் தனியா வந்திருக்குது, வயிறு தனியா வந்திருக்குது. கையைப் பாருங்க, பழைய குச்சிதான். என்ன குடுக்கறீங்க இவளுக்கு?"

"என்னத்தக் குடுப்பாங்க? சோறும் கொழம்பும்தான்."

தர்ஷினி கரும்பைக் கடித்துக்கொண்டே நடுவில் வந்தாள். "எனக்கு ஆயா தினமும் வாழப்பழம் குடுக்குது. ஆனா நடுவுல கசக்கும்."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம்கூட இல்லை. துணியில் எங்கே தப்பாகக் கத்தரி விழுந்தது என்று தேடுகிற பார்வை. மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கினீர்கள். உங்களுக்கும் அது என்னவென்று தெரியாது. ஆனால் பிளாஸ்டிக் உறையில் இருந்த சீட்டில் ஐந்தைப் பார்த்தீர்கள், தேதியைப் பார்த்தீர்கள். கத்தவில்லை. "லீவு முடிஞ்சதும் ரெண்டு பேரும் பாண்டிக்குப் போய்ப் பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம். இந்த அட்டை, சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்குங்க. அதுவரைக்கும் நீங்களா எதையும் மாத்திப் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினீர்கள்.

அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அட்டையோடும் சீட்டோடும் டாக்டர் முன்னால் உங்கள் பக்கத்தில் நிற்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. மாத்திரையை விட்டால் முகம் தானாக வற்றிவிடும், போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போட்டேன். அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த அட்டை எல்லாவற்றையும் உப்பளத்து வாய்க்காலில் போட்டேன். ஒரே நாளில் நிறுத்திவிட்டேன்.

நாலாவது நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் இழுப்பு இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. நெஞ்சு சத்தமே போடவில்லை. வாந்தி எடுத்து, உடம்பு ஜில்லென்று வேர்த்து, பெஞ்சில் துணி மாதிரி கிடந்தாள். "ஆயா, என்னால நிக்க முடியல" என்றாள். ஆம்புலன்ஸில் பாண்டிக்குக் கொண்டுபோனோம். வழியில் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் கிளியனூரிலிருந்து எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றீர்கள்.

ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, சாயங்காலத்தில்தான் குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அப்புறம் அந்த டாக்டரம்மா நம்மைக் கூப்பிட்டாள். சின்ன வயதுப் பெண். கலையும் கம்பெனி உடுப்போடு ஓடிவந்து நின்றாள்.

"இந்த மாத்திரையில இருக்கறது ஸ்டீராய்டு. இதே மாதிரி ஒண்ணை நம்ம உடம்பே தினமும் கொஞ்சம் சுரக்கும். ஒரு வருஷத்துக்கு மேல வெளியில இருந்து குடுத்ததால உள்ள சுரக்கறது தூங்கிப்போச்சு. திடீர்னு நிறுத்திட்டீங்க. உள்ளயும் இல்ல, வெளியிலயும் இல்ல. குழந்தை போயிருக்கும். யார் குடுத்தது இவ்ளோ நாள்? யார் நிறுத்தினது?"

கலை என்னைத்தான் பார்த்தாள். அப்போது நீங்கள் பேசினீர்கள்.

"நாங்கதான் டாக்டர். ரெண்டு பேரும் பேசித்தான் குடுத்தோம். நிறுத்தச் சொன்னதும் நான்தான்."

நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவுதான் என் பொய்.

கலை உங்கள் பக்கம் திரும்பினாள். "அவங்களுக்குத்தான் தெரியாது. உனக்குமாம்மா தெரியாது? எட்டாவது படிச்சவதானே நீ? நீ பெத்த பொண்ணு நான்தானே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

பிறகு வெளியில் குழாயடியில் நீங்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் வந்து, "ஏன் சம்பந்தி அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நாளைக்கு அவ வேலைக்குப் போவணும். கொழந்தை உங்க வீட்டுலதான் இருக்கணும், பள்ளிக்கூடம் அங்கதான். உங்க மேல கோவம் வந்தா கொழந்தைய எங்க உடுவா? எம்மேல கோவம்னா நான் கிளியனூர்லதானே இருக்கறேன். அவ கோவம் பஸ் ஏறித்தான் வரணும்." அப்புறம் ஒன்று சொன்னீர்கள்: "நீங்க மட்டும் இனிமே டாக்டர் சொல்றதைத் தவிர ஒண்ணும் பண்ணாதீங்க. எனக்கு அது போதும்."

நான் அதைக் காப்பாற்றினேன். அது ஒன்றைத்தான் காப்பாற்றினேன்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, ஒரேயடியாக விடாமல் கால் கால் பங்காகக் குறைத்து, முழுக்க விட ஆறு மாதம் ஆனது. பீரோவில் இருந்த பம்பு வெளியே வந்தது. அதிலும் ஸ்டீராய்டுதான் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அதுவும் விஷம்தானே?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "மாத்திரையும் விஷம் இல்ல பாட்டி. அன்னைக்கு அஞ்சு நாள் குடுத்ததுதான் உங்க பேத்தியைக் காப்பாத்துச்சு. ஆனா அது ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போகும். பம்புல இருக்கறது ரொம்பக் கொஞ்சம், நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும்." எனக்கு உடனே புரிந்தது. ஒரு பாத்திக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் அந்தப் பாத்தியின் மடையைத் திறக்க வேண்டும். நான் வாய்க்கால் கரையையே வெட்டிவிட்டிருந்தேன். பம்பாலும் ஒன்றுமே வராது என்று அவள் பொய் சொல்லவில்லை. வாயில் வெள்ளையாகப் படியலாம், குரல் கம்மலாம், அதனால் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். வளர்த்தி கொஞ்சம் பின்தங்கலாம், அதைப் பார்க்கத்தான் வரும்போதெல்லாம் உயரம் அளப்போம் என்றாள். பதினோரு வருடத்தில் தர்ஷினி கொப்பளிக்காமல் ஒரு நாளும் என் கண்ணிலிருந்து தப்பியதில்லை. இப்போது ஹாஸ்டலுக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி அதுதான். "கொப்புளிச்சிட்டேன் ஆயா, சத்தம் கேக்கணுமா?" என்பாள்.

அதற்கடுத்த பொங்கலுக்கு வந்து நீங்கள் முதல் மடிப்பைப் பிரித்தீர்கள். பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக அறுத்து நூலை இழுத்தீர்கள். மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காமல் புதுசாக, ஒரு பட்டை மாதிரி தெரிந்தது. தர்ஷினி அதைக் கட்டிக்கொண்டு குதித்தாள். முகம் வற்றி, பழையபடி ஒல்லியாகியிருந்தாள். நான் வாழ்க்கையில் முதல் தடவை ஒல்லியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்போது நீங்கள் கலையிடம், "பம்பு இழுக்கறப்ப நெமுந்து நிக்கச் சொல்லும்மா" என்று சாதாரணமாகத்தான் சொன்னீர்கள்.

"நீ தைக்கறதோட நில்லும்மா. மருந்துப் பேச்சு உனக்கு வேணாம்" என்றாள் கலை.

நீங்கள் அறுத்த நூலைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த ஒரு வருடம் கலை உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு போக வர இருந்தாள், நல்லது கெட்டது எல்லாம் செய்தாள், கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அவள்தான் உங்களைக் குளிப்பாட்டினாள். ஆனால் பேத்தி விஷயத்தில் உங்கள் வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை. பெரியவளானபோது என்ன சாப்பாடு கொடுப்பது என்பதில் இருந்து, எந்தப் பாடம் படிப்பது என்பது வரை என்னைக் கேட்டாள். என்னை! உங்களிடம், "உனக்குத் தெரியாதும்மா, சும்மா இரு" என்பாள். நீங்கள் சும்மா இருந்தீர்கள்.

சிறுநீரகம் கெட்டு நீங்கள் படுத்திருந்தபோது ஒரு மத்தியானம் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "இப்பவாவது அவகிட்ட சொல்லிடறேன் சம்பந்தி" என்றேன்.

"எதை?"

"அதைத்தான்."

"அவளே லீவு போட்டுட்டு வந்து ஒக்காந்திருக்கறா. இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா அழுதுக்கிட்டுக் கெடப்பா. கொழந்தை நல்லாத்தானே இருக்கறா? உடுங்க."

எனக்கு அந்த 'உடுங்க' வசதியாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியதைச் சனிக்கிழமை முழுக்க வைத்திருந்துவிட்டு இன்று காலை கலையிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு வேலை இல்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்து படித்தாள். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அட்டையை எந்த வாய்க்கால்ல போட்டீங்க?"

"பெரிய வாய்க்கால்ல. மோட்டார் கொட்டாய் பக்கத்துல."

"ம்."

காகிதங்களை அடுக்கி மிஷின் மேல் வைத்தாள். பிறகு, "ஒரு வருஷம் நான் எங்கம்மா வீட்டுக்கே போகல அத்தை" என்றாள்.

"தெரியும்."

"தெரியும்ல? அப்ப உங்க வாயில என்ன இருந்துச்சு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய் உலை வைத்தாள். மத்தியானம் எனக்குத் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். சாயங்காலம் முகம் வீங்கி வந்தாள். காகிதங்களை என் மடியில் வைத்தாள்.

"பாப்பாவுக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. எங்கம்மா மேல ஒரு சொட்டு அழுக்கு இல்லாம சொல்லுங்க."

சரி என்றேன். அவள் இன்னும் என்னிடம் பழையபடி பேசவில்லை. பேசுவாளா என்று தெரியாது. அது அவள் உரிமை.

உப்பளத்தில் இப்போதும் குழந்தை வைத்திருக்கிற பெண்கள் யாராவது இடுப்பில் மாத்திரை அட்டை சொருகியிருந்தால் நான் விடுவதில்லை. போன மாதம்கூட ஒருத்தியைக் கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு எழுதினாங்க?"

"மூணு நாளைக்கு யக்கா."

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

முழித்தாள்.

"நீயா குடுக்கவும் குடுக்காத, நீயா நிறுத்தவும் நிறுத்தாத. அட்டையை எடுத்துக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போ."

"ஒனக்கு எப்படி யக்கா இதெல்லாம் தெரியும்?" என்றாள். எப்போதும் சொல்கிற மாதிரி, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி அப்படிப் பண்ணிட்டா" என்றேன். நாளையிலிருந்து அந்த ஒருத்தி நான்தான் என்று சொல்லப் போகிறேன். உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு மிச்சம் இருக்கிறது அவ்வளவுதான். நீங்கள் சுமந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

உங்களுக்கு அனுப்ப விலாசம் இல்லாததால் இந்தக் கடிதம் தர்ஷினிக்குப் போகிற கவரில் போகிறது. அவளுக்கு நாலு வரி, நீங்களும் கேளுங்கள்.

பாப்பா, இதை முழுக்கப் படித்தாயா? உன் உயரத்தில் ஏதாவது குறைந்திருந்தால் அது என் கையால் குறைந்தது. எவ்வளவு என்று டாக்டருக்கும் தெரியாது என்று சொன்னார்கள். உனக்கு நடந்ததைக் கண்டுபிடித்தது கிளியனூர் ஆயா. நான் திட்டு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கியதும் அவர்தான். உனக்கு என் மேல் என்ன தோன்றுகிறதோ அப்படியே எழுது, நயமாக எழுத வேண்டாம்.

எழுதும்போது புதுசாக ஒரு போட்டோ எடுத்து, கடையில் கொடுத்து அச்சுப் போட்டு, தபாலில் அனுப்பு. போனில் வருவது என் கண்ணுக்கு எட்டவில்லை. முகம் மட்டும் பெரிதாக வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் நிமிர்ந்து நின்று, தலையிலிருந்து கால் விரல் வரை தெரிகிற மாதிரி எடு. இரண்டு எடுத்து அனுப்பு. ஒன்று எனக்கு. இன்னொன்று மாமா கட்டுகிற புது வீட்டில் உன் ஆயா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதற்கு. பின்பக்கத்தில் உன் உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிவிடு. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம், உள்ளபடி எழுது.